விபத்தில் அடிபட்டால் ஏ.ஆர். காப்பியை மறக்காதீர்கள்

கார் மோதி ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "வழுக்கி விழுந்துட்டேன்" என்பவர்கள் உண்டு. அப்புறம் இழப்பீடு கேட்கும்போது, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (Accident Register) டாக்டர் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவார். அந்தப் பதிவின் நகல்தான் ஏ.ஆர். காப்பி. அதையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் கையோடு வாங்கி வையுங்கள். மருந்து பில், ஆட்டோ ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் கேட்கலாம்.

விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் வந்துவிட்டது, இழுத்தடிக்க வேண்டாம். இடித்த வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமும் தெரியவில்லையா? சரி, பலத்த காயத்துக்கு அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் உண்டு.