மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலா: முக்காலியும் 50 எம்.எம். லென்சும் போதும்

நகரத்து வானத்தை நோக்கி ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்தால் கிடைப்பது வெள்ளைக் கஞ்சிதான். நாம் செய்யப்போவது வேறு: அதைவிட நீண்ட நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக்குவது.

எப்போது: பொங்கலையொட்டி, நிலா இல்லாத இரவில், 10 மணிவாக்கில். அப்போது ஓரியன் நெபுலா (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு, தூசு மேகம்) சென்னையில் 70 டிகிரி உயரத்தில் நிற்கும். அடிவானத்தில் தடித்துக் கிடக்கும் விளக்கொளி அவ்வளவு உயரத்தில் மெலிந்துவிடும். தெற்கு பார்த்து நின்றால், வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கீழே மங்கலாகத் தெரிவதுதான் நம் இலக்கு. தெருவிளக்கு நேராக லென்சில் விழாதபடி தண்ணீர்த் தொட்டியின் மறைவில் முக்காலியை வையுங்கள்.

அடுத்து ஃபோகஸ். பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். ஆட்டோ ஃபோகஸை அணையுங்கள். திருவாதிரையை, அதாவது பெட்டல்ஜூஸை, லைவ் வியூவில் (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்புங்கள். புள்ளி சிறுத்து, மறுபடி பெருக்கும். மிகச் சிறுத்த இடத்துக்குத் திரும்பி, வளையத்தில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள்.

ரா ஃபார்மட் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு), லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளி உணர்வளவான ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொரு படமும் 4 விநாடி. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் இதைவிட நீட்டினால் பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் இழுபடும். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மேடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். வலப்பக்கம் ஏறினால் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள்.

இப்படி 300 படங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவந்து, லென்சில் பனி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்: 100 படங்களைச் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு.

முடிந்ததும் லென்சை மூடி, அதே அமைப்பில் 20 படங்கள்; கேமராவே உண்டாக்கும் குறைகளைக் கழிக்க இவை. பிறகு லென்ஸ்மேல் வெள்ளைப் பனியனை இழுத்துக் கட்டி, ஃபோகசைத் தொடாமல், சீரான வெளிச்சத்தில் இன்னும் 20; ஓரங்களின் கறுப்பைச் சரிசெய்ய இவை. பனியன் வேலையை முதல்முறை நான் சோம்பலில் விட்டேன். ஓரங்களில் கறுத்த வளையம் கடைசிவரை போகவில்லை.

இலவச மென்பொருளான சிரிலில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். வரும் படம் ஒரு பக்கம் வெளுத்துச் சாய்ந்திருக்கும். அதுதான் ஊர் வெளிச்சம். பின்னணி நீக்கும் கருவியில் மாதிரிப் புள்ளிகள் நெபுலாமேல் விழுந்தால் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் சேர்த்துக் கழித்துவிடும்.

ஒளிமாசு ஃபில்டர் வாங்க அவசரப்படாதீர்கள். சோடியம் விளக்கின் மஞ்சளை அது வெட்டும்; இன்றைய எல்இடி எல்லா நிறத்திலும் பரவி நிற்கிறது.

கடைசியாகப் பிரகாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நெபுலாவின் நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்கிச் சேமியுங்கள்.