எடைமேடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளில் இருபத்தாறு ஆண்டுகள் எடை எழுத்தராக இருந்தேன். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் இப்போது அதே வேலைக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒருவன், "சம்பளம் ஹலாலாக இருக்க என்ன செய்ய வேண்டும் மாமா?" என்று கேட்டான். நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஊட்டியில் கடையிலும் விடுதியிலும் வேலை செய்யும் பிள்ளைகள், தராசு என்று வருகிற இடத்தில் தங்கள் கல்லாப்பெட்டியை நினைத்துக்கொள்ளட்டும்.

முதலாளிக்கு விசுவாசமாக இருந்துவிட்டால் நேர்மை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எடைமேடையில் ஒரு பக்கம் சம்பளம் கொடுப்பவர், மறுபக்கம் சாக்கைச் சுமந்து வந்தவர். இருவருடைய அமானிதமும், அதாவது நம்பி ஒப்படைத்த பொருளும், உங்கள் கையில் இருக்கிறது. மத்யன் மக்களிடம் ஷுஐப் நபி (அலை) என்ன சொன்னார்கள்? அளவையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள், மக்களுக்கு உரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்றார்கள். அதே மத்யனில்தான் ஒரு பெண், மூஸா நபியை (அலை) வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தன் தந்தையிடம் சொன்னார்: கூலிக்கு அமர்த்துவதற்குச் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்று. அது குர்ஆனில் 28ஆம் அத்தியாயத்தின் 26ஆம் வசனம். வலிமை என்பது நமக்கு வேலை தெரிந்திருப்பது. எடை போடத் தெரியாத நல்லவனாலும் விவசாயிக்கு நஷ்டம்தான்.

பேச வேண்டியதைச் சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அல்லாஹ் 5ஆம் அத்தியாயத்தை அப்படியே தொடங்குகிறான். வேலை எத்தனை மணிக்கு, இலை லாரி இரவு எட்டு மணிக்கு வந்தால் யார் இருப்பது, ஜும்ஆவுக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டேன். மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பதாக நானே சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. நண்பகல் தொழுகையான ளுஹருக்குப் போனால் தொழுதுவிட்டுத் திரும்புங்கள். தொழுகையைச் சாக்காக வைத்து முக்கால் மணி நேரம் வெளியே நிற்பவனைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவன் எடுப்பது கூலி கொடுத்து வாங்கப்பட்ட நேரம். "கடமையான தொழுகைக்குக் கேட்காமலே உரிமை உண்டு, கடமையல்லாத நஃபிலை நீண்ட நேரம் தொழ வேண்டுமானால் முதலாளியிடம் கேள்" என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) எனக்குச் சொன்னார்.

இனி எடை. காலையில் மேடையைத் துடைத்து, தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். முத்திரை ஆய்வாளர் போட்ட முத்திரை எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் பாருங்கள். கையிருப்பில் உள்ள 20 கிலோ படிக்கல்லை வைத்துச் சோதியுங்கள். அதை விவசாயிகளின் கண் முன்னால் செய்யுங்கள். சாக்கை வைத்ததும் எண் ஆடி நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு எடையை உரக்கச் சொல்லுங்கள். சாக்கை இறக்குவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேரேட்டிலும் அவருடைய பாஸ்புக்கிலும் எழுதுங்கள். முதலில் இறக்கிவிட்டுப் பிறகு எழுதினால், நடுவில் இருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் ஷைத்தானுக்கு வேலை.

ஐப்பசி மழையில் வரும் இலைதான் பெரிய சோதனை. சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அப்படியே நிறுத்தால் தொழிற்சாலை தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் விவசாயியின் இலை போகிறது. இரண்டும் அநியாயம். நல்ல நாளிலேயே 4 கிலோவுக்கு மேல் பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள் வரும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். ஒவ்வொரு மழை நாளிலும் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும். நானும் சாக்கின் அடிவரை கையை விடுவேன். அடியில் ஈரம் இருந்தால் உரியவரையே தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சாக்கைச் சிறிது நேரம் சாய்த்து வடியவிட்ட பிறகு, கழிவு எவ்வளவு என்று அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி, தனியாக எழுதுவேன். எடையிலேயே மறைத்துக் குறைக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மேலாளரைக் கூப்பிடுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று அவசரப்படாதீர்கள்.

அன்பளிப்பு விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்தும் மேடையான மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருக்காரர் பெருநாளைக்குக் கேரட் கொடுத்தால் வாங்குவேன். நான் வேலையில் இல்லாத காலத்திலும் கொடுத்தவர் அவர். இலை ஏஜென்ட் நீட்டும் உறையைத் தொடமாட்டேன். இந்த இரண்டில் எந்த வகை என்று தெரியாமல் வருவதை மேலாளரிடம் காட்டிவிடுவேன்.

அலுவலகப் பேனா, தொலைபேசி, மாதிரிக்கு எடுத்த தேயிலைத்தூள், பொய்யான நோய் விடுப்பு: பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஓர் ஊசியை மறைத்தாலும் மோசடி என்ற ஹதீஸ் இவை எல்லாவற்றுக்கும் போதும்.

முதலாளியே ஏமாற்றச் சொன்னால்? இதை நான் அனுபவித்திருக்கிறேன். நான் முதலில் சேர்ந்த இடத்தில், சாக்குக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்துக்கொள் என்றார்கள். தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். வீட்டில் தங்கையின் திருமணக் கடன். ஏழு மாதம் கழித்தேன். எனக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அதனால் பாவமும் என்னுடையது இல்லை என்று நினைத்தேன். அது தவறு. படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை. உங்களுக்கு அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள். "பலகையில் என்ன கழிவு என்று எழுதுகிறீர்களோ அதைக் கழிக்கிறேன் ஐயா. எழுதாததை என் கையால் கழிக்க முடியாது" என்று சொல்லுங்கள். அதற்கும் இணங்கவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். தேடும்வரை சரியாக நிறுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்து, பேரேட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேறுங்கள்.

வெளியேறினால் மட்டும் போதாது. மனிதர்களுடைய உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல், அல்லது அவர்களே மன்னிக்காமல், தவ்பா (பாவமன்னிப்புத் தேடுவது) நிறைவேறாது. பேரேடு பழைய இடத்தில் இருந்ததால், யார் யார், எத்தனை சாக்கு என்று நினைவிலிருந்து எழுதினேன். சந்தேகம் வந்த இடத்தில் கூட்டியே போட்டேன். பதினேழு பேர். மாதம் ஒருவர் இருவராகக் கொடுத்தேன். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து என் தாளைப் பேரனை வாசிக்கச் சொன்னார். உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து பாஸ்புக்கை எடுத்து வந்து, விரலை வைத்து வரி வரியாகப் பார்க்கவைத்தார். "ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நாங்கள் நாலு நாள் இலையே பறிக்கவில்லை. அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாய்" என்றார். அந்த நாலு நாள் பணத்தை எண்ணி என் கையில் திருப்பி வைத்தார். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு, காப்பி போடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.

பதினாறு பேருக்குக் கொடுத்துவிட்டேன். ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டு மேட்டுப்பாளையம் போனதாகச் சொன்னார்கள். இரண்டு முறை போய் விசாரித்தும் கிடைக்கவில்லை. அவர் பணத்தை இரண்டு ஆண்டுகள் தனி உறையில் வைத்திருந்து, பிறகு ஹஜ்ரத்திடம் கேட்டு அவர் பெயரால் தர்மம் செய்தேன். என்றைக்காவது அவரோ அவர் பிள்ளைகளோ வந்து கேட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்பதால், அந்தப் பெயரை மட்டும் நோட்டில் அடிக்காமல் வைத்திருக்கிறேன். நோட்டு இருக்கும் இடம் என் மகனுக்கும் தெரியும்.