தருமபுரியிலிருந்து கோலாலம்பூர்: நண்பர்களோடு முதல் வெளிநாட்டுப் பயணம், படிப்படியாக

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நண்பர்கள் நாலைந்து பேர் முதல் தடவையாக வெளிநாடு கிளம்புவதாக இருந்தால் நான் மலேசியாவைத்தான் சொல்வேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா எடுக்காமலே போகலாம். இந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து நேர் விமானத்தில் நாலு மணி நேரம் சொச்சம். இறங்கிய இடத்தில் தமிழ் பேசவும் ஆள் கிடைக்கும்.

முதலில் பாஸ்போர்ட். டிக்கெட் விலை குறைந்திருக்கிறது என்று யாராவது குரூப்பில் போட்டவுடன் புக் செய்துவிடாதீர்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கைக்கு வரட்டும். புதிதாக எடுப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 1,500 ரூபாய் கட்டி, கிடைத்த தேதியில் அசல் ஆவணங்களோடு நேரில் போக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசித் தேதியைப் பாருங்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்கள் நிதானிக்க வேண்டிய இடம் இது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ரேஷன் கார்டில் 'மு. செந்தில்', ஆதாரில் 'செந்தில் மு', பாஸ்போர்ட்டில் 'செந்தில் முனுசாமி' என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமாக இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். அதனால் புக் செய்பவர் கையில் எல்லாருடைய பாஸ்போர்ட் முதல் பக்கப் படமும் இருக்கட்டும், நினைவிலிருந்து அடிக்க வேண்டாம். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாளைக்கு துபாய் போக ஆசை வந்தால் அப்போது அலைய வேண்டியிருக்காது.

சரி, பணம். டிக்கெட் போடும் முன்பே எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தச் செலவு எவ்வளவு வரை போகலாம் என்று வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ஒருவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நாளைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். அங்கே சாப்பாடு, டாக்சிக்கு ஆளுக்குச் சமமாக ரிங்கிட் (மலேசியப் பணம்) போட்டு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ராத்திரி அறைக்கு வந்ததும் கணக்கு எழுதிவிட வேண்டும்.

மலேசியாவில் இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

அப்புறம் விமான நிலையம். அது இருக்கும் தேவனஹள்ளி பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. நாம் ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு என்று ஊரையே குறுக்கே கடந்தாக வேண்டும். விமானம் இரவு 11 மணிக்கு என்றால் தருமபுரியிலிருந்து மதியம் 2 மணிக்குள் வண்டி ஏறுங்கள். பஸ்ஸில் வருபவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்து பிடிக்கலாம். வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும். 3 மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும்.

இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள். பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு. 42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பக்கத்திலேயே 272 படிகள். வெயில் ஏறும் முன் ஏறுங்கள். முழங்கால் மறைய உடுத்துங்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பிடுங்கிவிடும். பெட்ரோனாஸ் கோபுரத்தில் ஏற இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்றைக்குப் பத்துமலையை வைத்துக்கொள்ளலாம்.