கொலராடோ ஆற்றின் பழைய நிலவரைபடங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1884 முதல் வெளியிட்ட நிலத்தோற்ற வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் யூட்டா, அரிசோனா பாலைநிலங்களை ஊடறுத்துச் செல்லும் கொலராடோ ஆற்றின் தாள்களைப் படிப்போர் செய்யும் பிழைகளில் பல, ஒரு தாளில் உள்ள கோடுகள் அனைத்தும் ஒரே காலத்தவை என்று நம்புவதால் நேர்பவை.

முதலாவது, அச்சிட்ட ஆண்டையே அளந்த ஆண்டாகக் கொள்வது. மறு அளவை செய்யாமலே பல ஆண்டுகள் மறுபதிப்புக் கண்ட தாள்கள் உண்டு என்பதால், ஓரக்குறிப்பில் இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும். பிற்காலத் தாள்களில் ஊதா நிறத்தில் இருப்பவை வான்வழிப் படங்களைக் கொண்டு சேர்க்கப்பட்டவை. பெரும்பாலும் களத்தில் சரிபார்க்கப்படாதவை. கிளென் கேன்யன் அணை 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கியதால், அதற்கு முன் அளந்த தாளில் உள்ள ஆற்று வளைவுகள் பல இன்று அணையால் உருவான பாவெல் ஏரிக்குள் கிடக்கின்றன. அந்த ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. அதை ஏரி முதன்முதலில் எட்டியது 1980-இல்; அதுவரை கரையும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவோர் ஆற்று வளைவையோ ஏரிக்கரையையோ ஆதாரமாகக் கொள்ளாமல், தாளின் மூலைகளில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகையையே கொள்ள வேண்டும்.

அப்போதும் டேட்டத்தை, அதாவது ஆயத்தொலைகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட புவி மாதிரியை, கவனிக்காவிட்டால் பயனில்லை. 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தில் அமைந்த தாளின் யூடிஎம் (மீட்டரில் இடம் குறிக்கும் கட்ட அமைப்பு) ஆயத்தொலைகளை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் கருவியில் இட்டால், வடக்கு-தெற்காக ஏறத்தாழ 200 மீட்டர் பிசகும். கேன்யன் எனப்படும் செங்குத்தான ஆழ்பள்ளத்தாக்கின் விளிம்பில் அது மேட்டில் நிற்பதா, பள்ளத்தில் நிற்பதா என்ற கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் 1:2,50,000 அளவுத் தாள்கள் சிலவற்றில் சம உயரக் கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு 250 அடி. இருநூறு அடிச் செங்குத்துப் பாறை ஒன்று இரு கோடுகளுக்கு இடையே தடயமின்றி மறைந்துவிடலாம். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு தடிக்குமே தவிர விவரம் கூடாது.

உயிருக்கே ஆபத்தானது, நீலக் கோட்டைக் கண்டதும் தண்ணீர் உண்டு என்று நம்புவது. விட்டுவிட்டு வரும் நீலக் கோடு, எப்போதாவது மட்டும் நீரோடும் ஓடையைக் குறிக்கும். ஊற்றுக் குறியீடோ அளந்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். வறண்டிருக்கிறதே என்று அத்தகைய ஓடையின் மணற்படுகையில் கூடாரம் அடிப்பது இதன் மறுபக்கத் தவறு: வெகுதூரத்தில் பெய்த மழையின் வெள்ளம், தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே அங்கு வந்து சேரக்கூடும்.