கரைப்பான் இன்றி மைக்ரோவேவில் பிஜினெல்லி வினை: தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை

எத்தனாலில் பல மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி விட்டபடியே கொதிக்கவைத்து) முடிக்கும் பிஜினெல்லி வினையை, கரைப்பானே இல்லாமல் மைக்ரோவேவில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். 1891இல் இத்தாலிய வேதியியலாளர் பியட்ரோ பிஜினெல்லி வெளியிட்ட இவ்வினையில் பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிடேட், யூரியா மூன்றும் ஒரே கலத்தில் இணைந்து டைஹைட்ரோபிரிமிடினோன் என்ற வளையச் சேர்மத்தைத் தருகின்றன. வெளியேறுவது இரண்டு நீர் மூலக்கூறுகள் மட்டுமே என்பதால், சம மோல் கணக்கில் வினைபொருள்களின் எடையில் ஏறத்தாழ 88 சதவீதம் விளைபொருளிலேயே தங்குகிறது. கழிவையும் கரைப்பானையும் குறைக்க முயலும் பசுமை வேதியியலைப் பழகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் இதையே பரிந்துரைக்கிறேன்.

பென்சால்டிஹைடின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், இதை ஆய்வகத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், புகைபோக்கி அறைக்குள் (ஃபியூம் ஹூட்) மட்டுமே செய்ய வேண்டும். உணவுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. கலத்தை இறுக மூடவும் கூடாது.

1.06 கிராம் பென்சால்டிஹைடு, 1.30 கிராம் எத்தில் அசிட்டோஅசிடேட், 0.90 கிராம் யூரியா, வினையூக்கியாக 0.19 கிராம் பாரா டொலுயீன் சல்ஃபோனிக் அமிலம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சால்டிஹைடு புட்டியின் கழுத்தில் வெள்ளைப் படிகங்கள் ஒட்டியிருந்தால், அது காற்றுபட்டுப் பென்சோயிக் அமிலமாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். புதிய புட்டியைத் திறப்பதே நல்லது. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் யூரியாவும் அமிலமும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிபிடித்துவிடும் என்பதால், அவற்றை டெசிக்கேட்டரிலிருந்து (ஈரம் புகாத உலர்கலம்) எடுத்தவுடனே எடைபோடுங்கள். இரண்டையும் கல்வத்தில் நன்றாகப் பொடித்து, திரவங்களைச் சேர்த்துக் குழைத்து, 50 மில்லி போரோசிலிகேட் பீக்கருக்கு மாற்றி, வாட்ச் கிளாஸால் மூடுங்கள்.

மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது சூடாக்கும் படியில்தான். சாதாரண ஓவனில் ‘லோ’ என்று வைத்தால் திறன் குறைவதில்லை. நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரான் முழுத் திறனில் சில நொடிகள் இயங்கி, பிறகு சில நொடிகள் நின்று, மீண்டும் இயங்குகிறது. ஆகவே 20 நொடிக்கு ‘லோ’ வைத்தால், அந்த நேரம் முழுவதும் கதிர் பாயவும் கூடும், பெரும்பகுதி பாயாமலே போகவும் கூடும். குறைந்த அளவு கலவையை வைத்து வேலை செய்யும்போது இந்த வேறுபாடே வினையைக் கெடுத்துவிடுகிறது. முழுத் திறனில் வைத்து, பக்கத்தில் 100 மில்லி தண்ணீருள்ள ஒரு பீக்கரை நிறுத்தி, 15 அல்லது 20 நொடித் துடிப்புகளாகச் சூடாக்குவதே என் தேர்வு. மிகுதியான ஆற்றலைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பீக்கரை வெளியே எடுத்து, கண்ணாடிக் கோலால் அடிவரை கிளறி, அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். பாதரச வெப்பமானியை உள்ளே வைக்கவே கூடாது. வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். யூரியா ஏறத்தாழ 133 டிகிரியில் உருகி, அதற்கு மேல் சிதையத் தொடங்குவதால், அம்மோனியா வாடை வந்தாலோ கலவை பழுப்பேறினாலோ சூடு மிஞ்சிவிட்டது என்று கொள்ளுங்கள். சரியாகப் போகும்போது தெளிந்த குழம்பு முதலில் கலங்கி, பிறகு சட்டென்று கோலைப் பிடித்துக்கொள்ளும் வெளிர் திண்மமாக இறுகும். டி.எல்.சி. (மென்படலக் குரோமட்டோகிராபி) தகட்டை 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்து, ஆல்டிஹைடின் புள்ளி மறைந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, குளிர்ந்த வாலைவடிநீரை ஊற்றித் திண்மத்தை நொறுக்கி, பூஹ்னர் புனலில் (உறிஞ்சி வடிகட்டும் புனல்) வடிகட்டிக் கழுவினால், மிஞ்சிய யூரியாவும் அமிலமும் நீரோடு போய்விடும். இந்த இடத்தில் பலர் ஹெக்ஸேன், எத்தில் அசிட்டேட் ஆகிய கரைப்பான்களைக் கொண்டு காலம் குரோமட்டோகிராபி (குழாயில் நிரப்பிய தூளின் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் முறை) செய்துவிடுகிறார்கள். வினையில் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு கரைப்பான் அங்கே செலவாகிறது என்பதால், அதை நான் ஏற்பதில்லை. சிறிதளவு சூடான எத்தனாலில் மறுபடிகமாக்கினாலே போதிய தூய்மை கிடைக்கும். உலர்ந்த விளைபொருள் 202 முதல் 204 டிகிரிக்குள் உருக வேண்டும்.

பின்சேர்க்கை: இன்வெர்ட்டர் வகை ஓவன் வைத்திருப்பவர்கள் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். அவ்வகையில் திறன் உண்மையாகவே குறைவதால், நடுத்தர அளவில் வைத்துத் துடிப்பை 30 நொடியாக நீட்டலாம். ஆனால் பக்கத்திலுள்ள தண்ணீரை அதிலும் எடுத்துவிடாதீர்கள். அது சூடேறியதும் மாற்றுங்கள்.