பெருமந்தக் கால நியூயார்க்கைச் சுற்றிக் காட்டுபவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மா அப்பாக்களையும், இங்கேயே பல வருடம் இருந்தும் ஊரைப் பார்க்க நேரம் கிடைக்காதவர்களையும், வார இறுதியில் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய், பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த 1930களின் நியூயார்க்கைக் காட்டுவது என் வேலை. இந்த வசந்தத்தில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். போன ஞாயிறு அவர்களைப் பேசவிட்டு நான் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். 42வது தெருவில் கிரைஸ்லர் கட்டடத்துக்கு எதிரே நின்று அந்தத் தம்பி சொன்னார்: "1930. ஊரே பசியில கிடந்தப்போ பணக்காரங்க இதைக் கட்டினாங்க." கூட்டம் உச்சுக்கொட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் அதே நடைபாதையில் நின்று நான் சொன்ன வசனம் அது.

உயரத்தை மாற்றிச் சொல்வது, தெருப் பெயரைக் குழப்புவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை நாலு நடையில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில இருக்கின்றன.

திறந்த வருடத்தை வைத்துக் கட்டடத்துக்கு ஜாதகம் எழுதுவது

நான் பணத்தையும் பெயரையும் இழந்தது இதில்தான்.

முதல் வருடம் நடைக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடித்தேன். 16 பக்கம், 500 பிரதி, முழுக்க என் கைக்காசு. தலைப்பு 'பெருமந்தம் எழுப்பிய கோபுரங்கள்'. கிரைஸ்லர் 1930, எம்பயர் ஸ்டேட் 1931 என்று வருடத்தை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் அந்த வருடத்து வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி நாலு வரி உருக்கமாக எழுதியிருந்தேன். எண்பது பிரதிபோலக் கொடுத்து முடித்திருந்த சமயம், மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் நடைக்கு வந்தார். திருச்சிக்காரர். எம்பயர் ஸ்டேட் வாசலில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இத்தனை பெரிய வேலைக்குப் பணம் எப்போ ஏற்பாடு ஆச்சு? இங்க முன்னாடி இருந்ததை எப்போ இடிச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைத் தேட வேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடினேன்.

1929 அக்டோபர் 23, புதன்கிழமை. கிரைஸ்லர் கட்டடத்துக்குள் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, வெளியே தெரியாமல் வைத்திருந்த 185 அடி எஃகு ஊசியைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உச்சியில் ஏற்றினார்கள். கீழே வால் தெருவில் எழுந்துகொண்டிருந்த போட்டிக் கோபுரத்தை உயரத்தில் முந்தத்தான் இந்த ரகசியம். மறுநாள் வியாழக்கிழமை பங்குச் சந்தை சரிந்தது. அதற்கும் மறுநாள், 25ஆம் தேதி, ட்ரைபரோ பாலத்துக்கு மண் வெட்டி வேலையைத் தொடங்கினார்கள்.

அதாவது கிரைஸ்லரின் உச்சி ஏறியது சரிவுக்கு முந்தைய நாள். உலகத்திலேயே உயரமாக இருக்க வேண்டும் என்ற அந்த வெறி 1920களின் கொழுத்த காலத்துக்குச் சொந்தமானது. எம்பயர் ஸ்டேட்டும் அப்படித்தான். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித் அதை அறிவித்தது 1929 ஆகஸ்டில். அங்கே இருந்த பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை இடிக்கத் தொடங்கியதும் சரிவுக்கு முன்பே. எஃகு சட்டகம் 1930 மார்ச்சில் எழ ஆரம்பித்தது, 1931 மே 1 அன்று திறந்துவிட்டார்கள்.

சரிவு வந்த பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று நடையில் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஐந்தாம் அவென்யூவில் மனை வாங்கி, ஹோட்டலை இடித்துவிட்டு, வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது வட்டியையும் வரியையும் தின்றுகொண்டே இருக்கும். அப்புறம் பொருள், ஆள் கூலி எல்லாம் இறங்கிவிட்டதால் போட்ட மதிப்பீட்டைவிடக் குறைந்த செலவிலேயே கட்டி முடித்தார்கள். 102 மாடி, 1,250 அடி. குடியேறத்தான் ஆளில்லை. முதல் வருடம் வாடகைக்குப் போனது கால்வாசிகூட இல்லை. ஊர்க்காரர்கள் 'எம்பயர்' என்பதை 'எம்ப்டி' என்று மாற்றி, காலிக் கட்டடம் என்றே கூப்பிட்டார்கள். அந்த வருடம் மேலே ஏறி ஊரைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்த டிக்கெட் பணம் சுமார் 20 லட்சம் டாலர், அலுவலக வாடகையாக வந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. லாபம் பார்க்க இருபது வருடம் ஆயிற்று. பெருமந்தம் அந்தக் கட்டடத்தின் உச்சியில் இல்லை, ஆளில்லாத மாடிகளில் இருந்தது. நீங்கள் காட்ட வேண்டியது அதை.

மேலே போகப் போகப் படிபோல உள்வாங்கும் அந்த உருவத்தையும் சிக்கனத்தின் அடையாளம் என்று சொல்லாதீர்கள். தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்று 1916இல் நகரம் போட்ட சட்டம் அது.

சரி, பணமில்லாத காலம் எந்தக் கட்டுமானத்தில் கண்ணுக்குத் தெரிகிறது? ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போங்கள். அதன் இரண்டு கோபுரங்களுக்கும் கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட் கிரானைட் உறை வரைந்து வைத்திருந்தார். கல் போர்த்தக் காசில்லாமல் 1931 அக்டோபரில் வெறும் எஃகோடு திறந்தார்கள். கோபுரத்தின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய இரும்பும், வரிசை வரிசையாகக் குமிழ் ஆணிகளும் அப்படியே தெரியும். இன்று எல்லோரும் வியக்கும் அந்த அழகு, உடுத்தத் துணியில்லாமல் நின்றுபோன உடம்பு.

ட்ரைபரோ பாலம் இன்னும் தெளிவாகப் பேசும். 1929இல் தொடங்கியது காசில்லாமல் நின்றது. வெட்டிய குழிகளோடு கிடந்தது. 1933இல் மத்திய அரசின் பொதுப்பணி நிதி வந்த பிறகுதான் உயிர் வந்தது. பாலப் பொறியாளர் ஓத்மார் அம்மான் பழைய வரைபடத்தை எடுத்து, இரண்டு அடுக்குச் சாலையை ஒன்றாக்கினார், 16 தடத்தை 8 ஆக்கினார், கிரானைட் அலங்காரத்தைத் தூக்கினார். 1936 ஜூலை 11 அன்று திறந்தது. தொடக்க நாளையும் திறந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், நடுவில் இருக்கும் ஏழு வருடம்தான் கதை.

இப்போது புதியவர்களிடம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு தேதி எழுதி வரச் சொல்கிறேன்: பணம் ஏற்பாடான நாள், பழையதை இடித்த நாள், அஸ்திவாரம் அல்லது எஃகு தொடங்கிய நாள், திறந்த நாள். நான்கும் கையில் இல்லாமல் அந்தக் கட்டடத்தின் முன்னால் வாயைத் திறக்காதீர்கள்.

மிச்சமிருந்த 400 சொச்சம் பிரதிகளைக் கட்டுக்கட்டாகப் பழைய காகிதத்தில் போட்டேன். போன பணம் போகட்டும். அந்த எண்பது பேர் நான் அச்சடித்துக் கொடுத்த பொய்யைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரும்பு விட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடும் 11 பேர்

எல்லோருக்கும் தெரிந்த அந்தப் புகைப்படத்தில் இருப்பது எம்பயர் ஸ்டேட் இல்லை. ராக்ஃபெல்லர் மையம், 1932 செப்டம்பர் 20, விளம்பரத்துக்காக எடுத்த படம்.

ஏழையைத் தெருவிலேயே நிறுத்திவிடுவது

ரொட்டிக்கு வரிசை, ஆப்பிள் விற்கும் கோட்டு போட்ட ஆள். இரண்டும் உண்மை. 1930 இலையுதிர் காலத்தில் வேலையிழந்தவர்கள் ஒரு ஆப்பிள் 5 சென்ட் என்று மூலைக்கு மூலை நின்றார்கள். ஆனால் அத்தோடு நிறுத்தினால் கேட்பவர் மனதில் எல்லா ஏழையும் நடைபாதையிலேயே நிற்பார். பெரும்பாலானவர்கள் நாலு சுவருக்குள்தான் திண்டாடினார்கள், அந்தச் சுவருக்குள் கூட்டிப்போக வேண்டும்.

மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியின் (லோயர் ஈஸ்ட் சைட்) பழைய அடுக்கு வீடுகளைப் பாருங்கள். வரிசையாக மூன்று அறை, தெருப் பக்க அறைக்கு மட்டும் நல்ல வெளிச்சம், நடு அறைக்குச் சுவருக்கும் சுவருக்கும் இடையே விட்ட குழாய் மாதிரியான ஒரு காற்றுப் பள்ளம். கக்கூஸ் பல வீடுகளில் நடைவழியில் பொதுவாக இருந்தது. குளிக்கும் தொட்டி சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில். மேலே ஒரு மூடியைப் போட்டால் அதுவே காய் நறுக்கும் மேசை, பிள்ளைகள் பாடம் எழுதும் பலகை. யாராவது குளிக்க வேண்டுமென்றால் சட்டி பானையெல்லாம் இறங்க வேண்டும், மற்றவர்கள் உள்ளறைக்குப் போக வேண்டும். ஐஸ் பெட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு, இரவு மறந்தால் காலையில் தரை முழுக்க ஈரம். இப்படிப்பட்ட வீட்டில்தான், வாடகை கட்ட முடியாத இன்னொரு குடும்பமும் வந்து ஒண்டிக்கொள்ளும். நான் இதைச் சொல்லும்போது நம் ஊர் அம்மாக்கள் சட்டென்று தலையாட்டுவார்கள், அவர்களுக்கு ஒண்டுக்குடித்தனம் விளக்க வேண்டியதில்லை.

வாடகை பாக்கி ஏறினால் சட்டி, மெத்தை, நாற்காலி எல்லாம் நடைபாதையில் வந்து விழும். பிராங்ஸ் பகுதியில் 1932இல் வாடகைப் போராட்டமே நடந்தது. வெளியே எறிந்த சாமான்களை அக்கம்பக்கத்தார் கூடி மறுபடி மாடிக்குத் தூக்கிப் போனதும் உண்டு.

ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். 1863இல் கட்டியது. 1935இல் தீ பாதுகாப்புக்காக மாற்றம் செய்யப் பணம் போடுவதைவிடக் குடித்தனக்காரர்களைக் காலி செய்வதே மேல் என்று வீட்டுக்காரர் மாடிகளை மூடிவிட்டு, கீழே கடைகளை மட்டும் வைத்துக்கொண்டார். மூடிய வீடு அப்படியே உறைந்து நின்றதால் இன்று அருங்காட்சியகம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் அதே 1935இல் திறந்த ஃபர்ஸ்ட் ஹவுஸஸ், நகர வீட்டு வசதி ஆணையத்தின் முதல் குடியிருப்பு. பழைய அடுக்கு வீடுகளில் மூன்றுக்கு ஒன்றை இடித்து மற்றவற்றுக்குக் காற்று விடுவதுதான் திட்டம். தொட்டுப் பார்த்தால் சுவர்கள் தாங்கவில்லை, பெரும்பாலும் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று, இடித்த செங்கல்லையே மறுபடி பயன்படுத்தினார்கள். மூன்றாவது தெருவில் அந்தச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாலரை ரூபாயில் பெருக்குவது

வேண்டாம். 5 சென்ட் நாணயம் என்னென்ன செய்தது என்று சொல்லுங்கள், போதும். சப்வேயில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகலாம், அந்தக் கட்டணம் 1904இலிருந்து 1948 வரை ஏறவே இல்லை. காசு போட்டு நாமே எடுத்துச் சாப்பிடும் ஆட்டோமேட் உணவகத்தில் அதே நாணயத்தைப் போட்டுப் பிடியைத் திருப்பினால் டால்பின் உருவக் குழாயின் வாயிலிருந்து ஒரு கோப்பை காபி கொட்டும். ஃபர்ஸ்ட் ஹவுஸஸில் மாத வாடகை ஒரு அறைக்கு 6 டாலர் சுமார். இந்த மூன்றும் இருந்தால் கூட்டம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குடிசைகள் ஊருக்கு வெளியே இருந்தன என்று நினைப்பது

வேலையும் வீடும் இழந்தவர்கள் போட்ட குடிசைகள் சென்ட்ரல் பார்க்கின் நடுவிலேயே இருந்தன. தண்ணீர் வடித்த பழைய நீர்த்தேக்கத்துக்குள், இன்று பந்து விளையாடும் பெரிய புல்வெளி இருக்கும் இடத்தில், 1931இலிருந்து 1933 வரை. வேலையில்லாத கொத்தனார்கள் செங்கல்லில் ஓட்டுக் கூரையோடு ஒரு வீடே எழுப்பியிருந்தார்கள். அங்கே நின்று மேற்கே பார்த்தால் 1929இல் கட்டிய, பணக்காரர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பான பெரஸ்ஃபோர்டின் மூன்று கோபுரங்கள் தெரியும். குடிசைக்காரர்களுக்கும் தெரிந்தது.

ஹார்லமை விட்டுவிடுவது

நேரமில்லை என்று சொல்லி இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அங்கே கறுப்பின மக்கள் மற்றவர்களைவிட மோசமான வீட்டுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் வாடகை கொடுத்தார்கள். தாங்கள் சாமான் வாங்கும் கடையிலேயே தங்களுக்கு வேலை கிடைக்காமல், வேலை தராத கடையில் வாங்காதே என்று மறியல் செய்தார்கள். 1935 மார்ச் 19 அன்று தெருவில் கலவரம் வெடித்தது. அதற்குப் பிறகுதான், 1937இல், ஹார்லம் ரிவர் ஹவுஸஸ் என்ற அரசுக் குடியிருப்பு வந்தது. 1936 கோடையில் நகரம் நிவாரணப் பணத்தில் திறந்த 11 பெரிய நீச்சல் குளங்களில் ஒன்று ஹார்லமில் இருக்கிறது, இன்று அந்தப் பூங்கா ஜாக்கி ராபின்சன் பெயரில். குளத்தை மட்டும் காட்டிவிட்டு மார்ச் 19ஐ விட்டுவிடாதீர்கள்.

எல்லோரும் நொடித்துப்போனார்கள் என்பது

இல்லை.

முகவரியை நம்புவது

1939இலிருந்து 1941 வரை நகர வரித்துறை ஐந்து பகுதிகளிலும் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்தது. நமக்கு அது பொக்கிஷம். ஆனால் இன்றைய கதவு எண்ணை வைத்துத் தேடிவிட்டு "இதுதான் அந்த வீடு" என்று சொல்லிவிடாதீர்கள். எண்கள் மாறும், இரண்டு மனை ஒன்றாகும். பிளாக் எண், மனை எண் இரண்டையும் வரித்துறை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டடத்துக்கு முன்னால் ஒரு சிறு பலகை தெரியும், அதில் இருப்பவை அந்த எண்கள்தான்.

குயின்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் நான் முதலில் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் படத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இரண்டாவது மாடியில், பின்னாளில் என் ஜன்னலாக ஆன ஜன்னலில், ஒரு பெண் தலையணைமேல் கையை ஊன்றி வெளியே எட்டிப் பார்க்கிறார். கீழே இடது ஓரத்தில் பலகையைத் தூக்கிப் பிடித்த ஆள் பாதிதான் படத்தில் விழுந்திருக்கிறார், ஒரு கையும் தொப்பியும். டபிள்யூ.பி.ஏ. என்ற அரசு நிவாரண வேலைத் திட்டத்தின் ஆட்கள்தான் இந்தப் படங்களுக்காகத் தெருத்தெருவாகப் போனார்கள். அந்தப் படத்தை நடையில் கையில் கொடுக்கும்போது எல்லோரும் ஜன்னலைத்தான் பார்க்கிறார்கள். தொப்பிக்காரரை நான் விரல் வைத்துக் காட்டுவேன்.