புறா ஈயா, உண்ணியா? ஒட்டுண்ணி ஈக்களை இனம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்களுக்கு இந்தப் பூச்சி பழக்கமானதுதான். புறாவைக் கையில் பிடித்து இறக்கையை விரித்தால், தட்டையாக, பழுப்பு நிறத்தில் ஒன்று பக்கவாட்டில் விரைந்தோடி இறகுகளுக்குள் மறையும். உண்ணி என்பார் ஒருவர், பேன் என்பார் இன்னொருவர். உண்மையில் அது ஓர் ஈ. புறா ஈ என்று சொல்லலாம். அறிவியல் பெயர் சூடோலிஞ்சியா கானரியென்சிஸ்.

பெயர் எதுவானால் என்ன, மருந்து அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பேன் தன் வாழ்நாள் முழுவதையும் பறவையின் உடலிலேயே கழிக்கிறது. புறா ஈ அப்படியல்ல. பெண் ஈ முட்டையிடுவதில்லை. புழுவைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஊட்டி வளர்த்து, முழு வளர்ச்சி அடைந்த பிறகு வெளியே விடுகிறது. அது சிறிது நேரத்தில் இறுகிக் கறுத்து, உருண்டையான கூட்டுப்புழுவாகிவிடும். கூண்டு மூலையில், எச்சத்துக்கும் சிந்திய தானியத்துக்கும் நடுவே அது கிடந்தால் ஏதோ விதை என்று கண் தாண்டிப் போய்விடும். புறாவுக்கு மட்டும் மருந்து போட்டுக் கூண்டைக் கூட்டாமல் விட்டால், அந்தக் கறுப்பு உருண்டைகளிலிருந்து அடுத்த தலைமுறை வெளியே வரும். புறாக்களின் ரத்தத்தில் வாழும் ஹீமோபுரோட்டியஸ் என்னும் ஒட்டுண்ணியைப் பரப்புவது இந்த ஈதான் என்பதை 1906-இல் அல்ஜீரியாவில் ஆய்வாளர்களான செர்ஜென்ட் சகோதரர்கள் காட்டினார்கள். இனம் காண்பதில் அக்கறை வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பலரும் செய்யும் முதல் தவறு, காலை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வருவது. உண்ணிக்கு எட்டுக் கால், ஈக்கு ஆறு என்பது சரி. ஆனால் முட்டையிலிருந்து புதிதாக வந்த உண்ணிக் குஞ்சுக்கும் ஆறு கால்தான். எனவே உடலைப் பாருங்கள். உண்ணிக்குத் தலை, மார்பு, வயிறு என்ற பிரிவு கிடையாது, உணர்கொம்பும் கிடையாது. புறா ஈக்கு மூன்று பிரிவுகளும் உண்டு. அதன் உணர்கொம்புகள் முகத்தில் உள்ள குழிகளுக்குள் புதைந்திருப்பதால் எளிதில் தெரியாது. இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஓர் இணை இறக்கை இருக்கும், அதன் நரம்புகள் முன் விளிம்பை ஒட்டி நெருக்கமாக ஓடும்.

இறக்கையை வைத்தும் ஏமாறலாம். ஆட்டின் ரோமத்தில் வாழும் மெலோபேகஸ் என்னும் ஈக்கு இறக்கையே இல்லை. வௌவால் மேல் வாழும் ஈக்களில் ஒரு கூட்டம் இறக்கையின்றிச் சிலந்தியைப் போலவே இருக்கும். மறுபுறம், கம்பளிப்புழுவிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிக் குளவியைச் சிலர் ஈ என்று எழுதிவைக்கிறார்கள். குளவிக்கு இரண்டு இணை இறக்கைகள். பின் இணை சிறியது, முன் இணையோடு கொக்கிகளால் கோத்திருப்பதால் ஒன்றாகத் தெரியும். ஈக்கு அந்த இடத்தில் குமிழ் வைத்த சிறு தண்டுகள் இரண்டு இருக்கும். ஹால்டியர் எனப்படும் இவை, பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைக்கின்றன.

அடுத்த தவறு, எதன் மேல் இருந்ததோ அதன் பெயரைச் சூட்டிவிடுவது. நாய் மேல் இருந்தால் நாய் ஈ, மாட்டின் மேல் இருந்தால் மாட்டு ஈ. ஹிப்போபோஸ்கா லாங்கிபென்னிஸ் பெரும்பாலும் நாயையும், ஹிப்போபோஸ்கா மாக்குலேட்டா பெரும்பாலும் மாட்டையும் குதிரையையும் நாடுகின்றன என்பது உண்மை. ஆனால் மாதவரம் பக்கம் மாட்டுத் தொழுவத்திலேயே நாயும் படுத்துக் கிடக்கிறது. ஈ இடம் மாறிவிடும். கால் நுனி நகத்தைக் கைலென்ஸில் பாருங்கள். ஹிப்போபோஸ்காவின் நகம் எளிய கொக்கியாக இருக்கும். பறவை மேல் வாழும் புறா ஈயின் நகத்தில் கூடுதலாக ஒரு பல் உண்டு, இறகைப் பற்றிக்கொள்ள. ஓம்புயிர், அதாவது ஈ ஒட்டி வாழும் விலங்கு, எது என்பது ஒரு தடயம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக்காதீர்கள்.

நிறத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. காசிமேட்டில் கருவாடு காயும் இடங்களில் நீலமும் பச்சையுமாக மினுங்கும் தடித்த ஈயைப் பார்க்கலாம். அது பெரும்பாலும் கிரைசோமியா மெகாசெபாலா. அழுகும் பொருளில் முட்டையிடுவது. அதே மினுக்கத்தோடு கிரைசோமியா பெசியானா என்று ஓர் உறவுக்கார ஈ இருக்கிறது. அதன் புழு உயிருள்ள விலங்கின் புண்ணுக்குள் நுழைந்து பச்சைச் சதையைத் தின்னும். நிறத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. இறக்கையின் அடியில், மார்போடு சேரும் இடத்தில் செதில் போன்ற இரண்டு மடல்கள் இருக்கும். கீழ் மடல் பெசியானாவில் வெள்ளை, மெகாசெபாலாவில் கரும்பழுப்பு. ஆண் மெகாசெபாலாவின் கூட்டுக்கண்ணில் மேல்பாதிக் கண்ணறைகள் பெரிதாகவும், கீழ்ப்பாதி அறைகள் சிறிதாகவும், நடுவே கோடு கிழித்தாற்போலவும் இருக்கும்.

மார்பில் கோடு போட்ட சாம்பல் நிற ஈக்கள் இன்னொரு பொறி. நான்கு கோடு என்றால் வீட்டு ஈ, மூன்று என்றால் சதை ஈ என்பது ஆரம்பத்துக்கு உதவும், அவ்வளவுதான். பிற பூச்சிகளின் உடலுக்குள் புழுவாக வளரும் டாக்கினிட் குடும்பத்திலும் சாம்பல் நிறக் கோடுகளோடு பல ஈக்கள் உண்டு. பட்டுப்புழு வளர்ப்பவர்களை வாட்டும் ஊசி ஈ அந்தக் குடும்பம்தான். 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. இவற்றைப் பிரிக்க ஈயைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மார்பின் பின்முனையில் முக்கோணத் தகடு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே இன்னொரு புடைப்பு தெளிவாகத் தெரிந்தால் டாக்கினிட். சதை ஈயில் அந்தப் புடைப்பு இராது. பின்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்கு மேலே முள்மயிர்கள் வரிசையாக நின்றால் அது வீட்டு ஈயின் குடும்பம் அல்ல. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இவற்றில் எதுவும் தெரியாது. ஆண் சதை ஈக்களின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் இனப்பெயர் சொல்வதும் பெரும்பாலும் ஊகமே. பேரினத்தோடு, அதாவது பெயரின் முதல் பகுதியோடு, நிறுத்திக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

மாட்டின் புண்ணில் புழு கண்டால் எல்லாம் ஒன்றுதான் என்று வழித்து எறிந்துவிடுகிறார்கள். புழுவின் பின்முனையில் இரண்டு சுவாசத்தட்டுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் பிளவுகள். மூன்று பிளவு இருந்தால்தான் புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது. இரண்டே இருந்தால் அது இளம்புழு; வேறு இனம் என்று குழம்ப வேண்டாம். பிளவுகள் பாம்புபோல் வளைந்திருந்தால் வீட்டு ஈ. தட்டுகள் ஆழமான குழிக்குள் அமிழ்ந்திருந்தால் சதை ஈ. மெகாசெபாலா, பெசியானா இரண்டிலும் பிளவுகள் நேராகவும் தட்டைச் சுற்றியுள்ள வளையம் முழுமை பெறாமலும் இருப்பதால் இங்கே பின்முனை கைகொடுக்காது. முன்முனைச் சுவாசத்துளையின் கிளைகளை எண்ணுங்கள். பெசியானாவில் 4 முதல் 6, மெகாசெபாலாவில் 11 முதல் 13. நுண்ணோக்கி இல்லாதவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாட்டைக் கொண்டுபோகும்போது புழுவையும் எடுத்துச் செல்லலாம்.

எடுத்துச் செல்லும் விதத்திலும் தவறு நடக்கிறது. உயிருள்ள புழுவை நேரே ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும். கொதிநிலையை ஒட்டிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, பிறகு 80 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். வளர்ந்த ஈக்கு ஊசி குத்தும்போது மார்பின் நட்டநடுவில் குத்தாதீர்கள், அங்கிருக்கும் முள்மயிர்கள் உதிர்ந்துவிடும். சற்று வலப்பக்கமாகக் குத்தினால் இடப்பக்க மயிர்கள் முழுமையாக நிற்கும். நாள், இடம், ஓம்புயிர் மூன்றையும் பென்சிலால் தாளில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு வடசென்னை மழைக்காலத்தில் ஒரு மாதம்கூடத் தங்காது.